எறும்புக்கு எந்த டிஸ்க்

ஜனவரி 9

பெட்டிக்காரருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் நினைத்தேன். பொய் எதற்கு? டிவியில் வீடியோ ஓட்டுவதற்கு நீங்கள் கட்டி வைத்துவிட்டுப் போன பெட்டி சாகக் கிடக்கிறது.

வழக்கமாக வரும் ரீங்காரம் போய், உள்ளே யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி டக், டக் என்கிறது. முந்தாநாள் காலை பல் தேய்க்கிற வீடியோ பாதியில் நின்றுவிட்டது. டிவியில் நீங்கள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி அசையாமல் நிற்கிறீர்கள். உங்கள் மகள் எறும்பும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி அசையாமல் நின்றாள். நீங்கள் அசைந்தால்தானே அவள் அசைவாள். நான் பெட்டியை அணைத்துப் போட்டு, அது எழுந்து, நீங்கள் "இப்ப மேல் பல்லு" என்று சொல்வதற்குள் நுரை வழிந்து அவள் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. வேறு யார் வீட்டிலாவது நடந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

இதைப் படித்ததும் உங்களுக்கு முதலில் பெட்டியைப் பற்றித்தான் கவலை வரும். எனக்கு அவளைப் பற்றி. பத்து வயதுப் பெண் எழுந்திருப்பது, பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது, செருப்பு மாட்டுவது, பஸ் ஏறிச் சிறப்புப் பயிற்சி மையத்துக்குப் போவது எல்லாமே நீங்கள் எடுத்து வைத்த அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான். நான் சொன்னால் காதில் ஏறாது. பயிற்சி டீச்சர் சொன்னாலும் ஏறாது. டிவியில் அப்பா வந்து "இப்ப என்ன பண்ணப் போறோம் எறும்பு?" என்று கேட்டால்தான் கை கால் அசையும். நேற்று அக்கா வந்திருந்தாள். "டிவிக்குள்ள இருக்கற உன் வீட்டுக்காரர் தங்கமானவரு. வெளியில இருக்கறவர்தான் கண்ணுல அகப்பட மாட்டேங்கறாரு" என்றாள். உங்களிடம் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

சத்தம் வருவது பெட்டியில் இல்லை, அதோடு வெளியே இணைத்திருக்கிற கறுப்பு ஹார்ட் டிஸ்க்கில். எல்லா வீடியோவும் அதில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை, இல்லையா? மருந்துக்கடையில் என் கவுன்டருக்கு நேர் எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. எந்த டிஸ்க் வாங்குவது என்று உடனே மெயிலில் எழுதுங்கள். போனில் கூப்பிட வேண்டாம். போன முறை போனிலிருந்து உங்கள் குரல் வந்ததும் டிவியிடம் ஓடி, அங்கே உங்களைக் காணாமல் தன் கையையே கடித்துக்கொண்டாளே, அந்தத் தழும்பு இன்னும் மறையவில்லை.

இப்படிக்கு,
எறும்பு அம்மா


ஜனவரி 11

மருந்துக்கடை மகாராணிக்கு,

கடிதம் கண்டேன். பதறாதே. டக் டக் என்றால் உள்ளே இருக்கும் ஊசி தடம் தெரியாமல் தடவுகிறது என்று அர்த்தம். சில டிஸ்க் அந்தச் சத்தத்தோடே காலம் தள்ளும், சில மறுநாளே மண்டையைப் போடும். இனிமேல் அணைத்து அணைத்துப் போடாதே. ஓடுகிற வரை ஓடட்டும்.

கடைக்காரர் முதலில் பென் டிரைவை நீட்டுவார். அந்தப் பக்கமே போகாதே, ராப்பகலாக ஓடுகிற பெட்டிக்கு அது தாங்காது. அடுத்து சட்டைப் பையில் போடுகிற அளவில் சின்ன டிஸ்க் காட்டுவார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்குத் தனி மின்சாரம் கிடையாது, பெட்டியிடமிருந்தே உறிஞ்சும். நம் பெட்டி கிழடு, ஒன்றுக்கே மூச்சு வாங்குகிறது. மேசை மேல் வைக்கிற பெரிய டிஸ்க் ஒன்று உண்டு, தனி அடாப்டரோடு வரும், இடம் அதிகம், ஆனால் சத்தமும் சூடும் உண்டு. இதெல்லாம் வேண்டாம் என்றால் எஸ்.எஸ்.டி. உள்ளே சுழல்வது எதுவுமே இல்லை. மூச்சு விடாது, கீழே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும், கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும். என் ஓட்டு அதற்குத்தான்.

இங்கே நான் காவல் காக்கிற கூடத்தில் ஆள் உயர அலமாரிகள் வரிசை வரிசையாக, எல்லாவற்றிலும் டிஸ்க். முகம் தெரியாதவர்களின் படங்கள், கணக்குகள், கடிதங்கள். எதையும் மூன்று இடத்தில் வைக்காமல் விடமாட்டார்கள். ஒரு டிஸ்க் போனால் சிவப்பு விளக்கு எரியும், நான் போய்க் கழற்றிவிட்டு வேறொன்றைச் சொருகுவேன், சொந்தக்காரருக்கு எதுவுமே தெரியாது. நம் வீட்டில் மட்டும் ஒரே ஒன்று. அதற்கும் ஒரு நேரம் வர வேண்டியிருந்தது. புதியதை வாங்கியதும் எழுது, பிரதி எடுக்கும் முறை சொல்கிறேன்.

எறும்பின் கன்னத்தை எனக்காக ஒரு தடவை கிள்ளு.

அன்புடன்,
பெட்டிக்காரன்


ஜனவரி 15

பெட்டிக்காரருக்கு,

கடைக்குப் போனேன். கடைக்காரர் நீங்கள் சொன்ன அதே வரிசையில் எடுத்து வைத்தார், நீங்கள் முன்கூட்டியே அவரிடம் பேசி வைத்தீர்களோ என்று சந்தேகமே வந்துவிட்டது. "இதுல என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரரை" என்றேன். "முழுசாவா?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா, பத்திரமா இருக்கணும்" என்றேன்.

எஸ்.எஸ்.டி வேண்டாம். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். மதியத்தில் அவள் பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் மேல் கன்னத்தை ஒட்டிக்கொண்டுதான் படுக்கிறாள். அந்தச் சூடு வேண்டும், அந்த அதிர்வு வேண்டும். கடைக்காரர் எஸ்.எஸ்.டியை ஓட விட்டுக் காட்டினார், நான் அதில் காதை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும். சத்தமில்லாத ஒன்றைக் கொண்டு வைத்தால் அவள் அதைப் பெட்டி என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இன்னொன்று. பெரிய டிஸ்க் சும்மா இருந்தால் தூங்கிப்போகுமாம், எழுப்பினால் சுழல ஆரம்பிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்குமாம், கடைக்காரரே சொன்னார். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்குக் கொஞ்ச நேரம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்காகக் கறுப்புத் திரையைப் பார்த்து நிற்கிறவளுக்கு அப்படியில்லை. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். பக்கம் பக்கமாக டிஸ்க். எறும்பைப் பற்றி ஒரு வரி, அதுவும் கன்னத்தைக் கிள்ளச் சொல்லி. கிள்ளினால் அவள் கடிப்பாள். அது கூடவா மறந்துபோயிற்று? எப்போது வருகிறீர்கள் என்று கேட்கக் கூடாது என்றிருந்தேன். கேட்டுவிட்டேன். வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

இப்படிக்கு,
எறும்பு அம்மா


ஜனவரி 17

மகாராணிக்கு,

நீ சொல்வதுதான் சரி. சத்தம் போடுகிற டிஸ்க்கே வாங்கு. பெரியது, தனி அடாப்டரோடு. தூக்கத்துக்கு வழி இருக்கிறது: ரிமோட்டில் பெட்டியின் அமைப்புகளைத் திறந்தால் 'ஓய்வு' என்று ஓரிடம் வரும், அதை அணைத்துவிடு. பிறகு அது தூங்காது, என்னை மாதிரி.

இங்கிருந்தே நான் உள்ளே நுழைந்து பிரதி எடுத்துக் கொடுத்திருக்கலாம். வெளியிலிருந்து யாரும் நம் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று பெட்டிக்கு இணையமே கொடுக்காமல் வைத்தது நான்தான். இப்போது நானும் நுழைய முடியவில்லை. ஆகவே உன் கைதான்.

கவனமாகப் படி. பெட்டிக்கு முன்னால் நிற்கிறாய். பின்பக்கம் இரண்டு யு.எஸ்.பி போர்ட் இருக்கிறது. உன் இடது கைப் பக்கம் இருப்பதில் பழைய டிஸ்க். வலது கைப் பக்கத்தில் புதியதைச் சொருகு. மேலே உள்ள பட்டனை விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடி. இடதில் இருப்பது எதுவோ, வலது அப்படியே அதுவாகிவிடும். வலதில் வேறு என்ன இருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் எழுதும். நான் அப்படித்தான் அமைத்து வைத்திருக்கிறேன். மாறிப்போனால் எல்லாம் போச்சு. நீ மருந்துச் சீட்டைப் பார்ப்பாயே, அப்படி இரண்டு தடவை பார்.

வருவதைப் பற்றி: ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் இது. இப்போது போய் லீவு என்று நின்றால் முகம் சுளிப்பார்கள். கொஞ்சம் பொறு. கன்னம் விஷயம் தப்புத்தான்.

அன்புடன்,
பெட்டிக்காரன்


ஜனவரி 20

எறும்பு அப்பாவுக்கு,

எல்லாம் போச்சு.

மருந்துச் சீட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். பழைய டிஸ்க் என் வலது கைப் பக்கம் சொருகியிருந்தது. நீங்கள் இடது என்று எழுதியிருந்தீர்கள். தூசி துடைக்கும்போது எப்போதோ நான்தான் மாற்றிச் சொருகிவிட்டேன் போலிருக்கிறது, நல்ல வேளை பார்த்தோம் என்று நினைத்தேன். அதைப் பிடுங்கி இடது பக்கம் போட்டேன், புதியதை வலது பக்கம் போட்டேன். கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். பட்டனை அழுத்தினேன். விளக்கு மினுக்கியது. சீக்கிரமே முடிந்துவிட்டது, புது டிஸ்க் வேகமானது என்று சந்தோஷப்பட்டேன்.

இப்போது இரண்டிலும் ஒன்றுமில்லை. இரண்டும் காலி. அவள் டிவி முன்னால் தட்டோடு நிற்கிறாள். என்ன செய்யட்டும், உடனே எழுதுங்கள்.

எறும்பு அம்மா


ஜனவரி 20

பழைய டிஸ்க்கை இப்போதே பிடுங்கு. எங்கும் சொருகாதே, எதையும் அழுத்தாதே. அழித்தது உடனே போய்விடாது, அதன் மேல் வேறு எதுவும் எழுதாத வரை கிடக்கும். தொலைந்த கோப்புகளை மீட்டுக் கொடுக்கிற ஆள் உன் ஊரில் இருப்பார், கடைக்காரரிடம் கேள், இன்றே போ.

இடது என்றால் இடது. இதில் குழம்ப என்ன இருக்கிறது? பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு நீல விளக்கு உண்டு. முன்னால் நின்றால் அது உனக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் பெட்டியை நீ திருப்பி வைத்திருக்கிறாய். திருப்பி வைத்தால் இடம் வலமாகும், வலம் இடமாகும், காலி டிஸ்க் பழையதைத் துடைத்துவிடும். யாரைக் கேட்டுத் திருப்பினாய்?


ஜனவரி 25

எறும்பு அப்பாவுக்கு,

எறும்பைக் கேட்டுத்தான் திருப்பினேன். பெட்டியின் முதுகில் சூடு வருகிற சல்லடை இருக்கிறது, அதில் கன்னத்தை வைக்க அவள் தினமும் பெட்டியை இழுத்து இழுத்து வயரெல்லாம் அறுந்துபோகப் பார்த்தது. நீங்கள் போன மாதமே முதுகு முன்னால் வருகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டேன். இந்த வீட்டுக்குள் வந்து போகிற எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியும். மீட்டர் பார்க்க வருகிறவருக்குக் கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குத்தான் உறைக்கவில்லை.

சண்டைக்கு எழுதவில்லை. மீட்டுக் கொடுக்கிறவரிடம் போனேன். குனிந்து கேட்டுவிட்டு, "நல்லா இருக்கற டிஸ்க்குல தெரியாம அழிச்சிருந்தா எடுத்துடலாம்மா. இது சாகக் கிடந்த டிஸ்க்கு. தேடத் தேட இன்னும் கெட்டுப்போகுது" என்றார். போராடி எடுத்துக் கொடுத்தவற்றைப் பார்த்தேன். ஒன்றில் குழாயும் உங்கள் முழங்கையும். இன்னொன்றில் "மேல்" என்கிறீர்கள், பல்லுக்கு முன்னால் அறுந்துவிடுகிறது. பஸ் வீடியோவில் பஸ் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது, சத்தமே இல்லை. முழுசாக ஒன்று கூட இல்லை. உங்களிடம் பிரதி ஏதும் இல்லையா? எடுத்த போன் என்னவாயிற்று?

அவள் சாப்பிடுவதில்லை. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தபடி நிற்கிறாள், சூடு ஆறி, பிறகு தட்டைக் கவிழ்த்துவிடுகிறாள். தண்ணீர் மட்டும் குடிக்கிறாள், அதுவும் குழாயில் வாயை வைத்து. நான் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, உங்களைப் போல் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "இப்ப என்ன பண்ணப் போறோம் எறும்பு?" என்று கேட்டுப் பார்த்தேன். என்னைத் தாண்டி டிவிக்குப் போய்விட்டாள். நான் அந்தச் சட்டையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வாருங்கள். வந்து மறுபடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எறும்பு அம்மா


ஜனவரி 28

அன்புள்ள எறும்பு அம்மாவுக்கு,

கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. எடுத்த போன் இல்லை, இங்கே வந்து மாற்றும்போது துடைத்துக் கொடுத்துவிட்டேன். வேலையிடத்தில் என்னைப் பார்த்தாலே பிரதி பிரதி என்று கிண்டல் செய்வார்கள், அத்தனை கறார். வீட்டுக்கு எடுக்கத் தோன்றவில்லை.

லீவு கேட்டேன். மேலாளர், "எல்லாருக்கும்தான் வீட்டுல பிரச்சினை" என்று முடித்துவிட்டார். என்னால் ஆனது, என் அறையிலேயே எல்லாவற்றையும் புதிதாக எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பல் தேய்ப்பது, சாப்பிடுவது, செருப்பு மாட்டுவது. அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருக்கிறேன். குளிக்கிற வீடியோவுக்கு வாளி கிடைக்கவில்லை, குப்பைக்கூடையைக் கழுவி வைத்து எடுத்தேன். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, "யாரோட பேசிட்டிருக்கீங்க?" என்று கேட்டார். இவற்றைப் புது டிஸ்க்கில் போட்டு ஓட விடு. உடனே ஒரு பிரதி எஸ்.எஸ்.டியிலும் எடுத்து வை, அவளுக்காக இல்லை, உன் அலமாரிக்குள் வைக்க. இந்த முறை நீல விளக்கைப் பார்த்து நில்.

அன்புடன்,
பெட்டிக்காரன்


பிப்ரவரி 2

எறும்பு அப்பாவுக்கு,

போட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்தாள். எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. பிறகு அவள் உங்களைப் பார்க்கவில்லை, உங்களுக்குப் பின்னால் தேடினாள். அங்கே வெள்ளைச் சுவர். குழாயைத் தேடினாள், சிவப்புப் பிடி போட்ட கரண்டியைத் தேடினாள், கதவுக்குப் பின்னால் தொங்குகிற குடையைத் தேடினாள். டிவிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து உங்கள் முகத்திலேயே ஓங்கி அடித்தாள். திரை விரிசல் விட்டுப்போயிற்று, உள்ளங்கை கிழிந்துபோயிற்று.

நேற்று மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஊசி போடுவதற்கு நான்கு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதில் ஒருத்தி நான். டாக்டர், "சாப்பிட வைக்க வேற வழியே இல்லையாம்மா?" என்று கேட்டார். நான் நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். எதற்கு எது மாற்று என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதற்கு மாற்று இல்லை டாக்டர் என்றேன்.

அந்தச் சமையலறை இங்கே இருக்கிறது. குழாய், கரண்டி, குடை எல்லாம் இருக்கிறது. அதில் நிற்க வேண்டியவர்தான் இல்லை. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வேலை போனால் போகட்டும். எனக்குச் சம்பளம் வருகிறது, மூன்று பேர் எப்படியாவது ஒப்பேற்றலாம். இவள் போய்விட்டால் நான் எந்தக் கடையில் போய் எந்த டிஸ்க்கைக் கேட்பேன்?

எறும்பு அம்மா


பிப்ரவரி 3

வருகிறேன். லீவு எடுக்கவில்லை, சொல்லாமல் கிளம்புகிறேன். எதையும் இடம் மாற்றாதே. டிவியை மட்டும் மாற்று. அவளுக்கு ஊசி போட்ட கை எது?


பிப்ரவரி 20

அன்புள்ள எறும்பு அம்மாவுக்கு,

வேலையிடத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். வேலை போகவில்லை, திட்டோடு விட்டுவிட்டார்கள். கிளம்பும்போது உன்னிடம் சரியாகச் சொல்லிக்கொண்டு வரவில்லை. ஒரு நாள் முன்னதாகவே கிளம்பியது உனக்கு வருத்தம் என்று தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எல்லாம் நல்லபடியாக எடுத்தாயிற்று. சாப்பிடுகிற வீடியோவைப் போட்ட அன்றே அவள் கரண்டியை எடுத்ததை இருவரும் பார்த்தோம். ஒரு பிரதி பெட்டியில் இருக்கும் பெரிய டிஸ்க்கில். ஒன்று எஸ்.எஸ்.டியில், உன் அலமாரியில். மூன்றாவது சின்ன டிஸ்க் அக்கா வீட்டில். வீடே எரிந்துபோனாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. பெட்டியின் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன், எப்படித் திருப்பினாலும் தப்பு வராது.

ஆனால் நீயும் பார்த்தாய். நான் பக்கத்தில் போய் "எறும்பு" என்று கூப்பிட்டால் என் வாயைப் பொத்தினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டிவி பக்கம் தள்ளினாள். உள்ளே போ என்று. நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போனாள், டிவியில் நான் சாப்பிட்டால் கூடவே சாப்பிட்டாள். நான் அங்கே இருந்த நாட்களெல்லாம் இப்படித்தான் போயின. அவளுக்கு நான் வேண்டாம், கோப்பு போதும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கோப்பைப் பத்திரப்படுத்துவது எனக்குத் தெரிந்த வேலை, அதைச் செய்து முடித்துவிட்டேன். ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷம். மாதா மாதம் பணம் வந்துவிடும்.

உன்,
பெட்டிக்காரன்


மார்ச் 1

எறும்பு அப்பாவுக்கு,

நீங்கள் கிளம்பிப் போனதிலிருந்து அவள் டிவியைப் போடவில்லை. நான் போட்டாலும் அணைத்துவிடுகிறாள். ரிமோட்டை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். மூன்று இடத்திலும் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள், ஓட விட்டுப் பார்த்தேன், ஒரு குறையுமில்லை. அவள் திரும்பிக் கூடப் பார்ப்பதில்லை.

வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். சாத்தினால் அலறுகிறாள். லிஃப்ட் நிற்கிற சத்தம் கேட்டால் எழுந்து போய் நடைபாதையில் நிற்கிறாள். வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அங்கேயேதான் நான் ஊட்டுகிறேன், இரண்டு வாய், மூன்று வாய். இரவில் நான் வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறேன்.

ஒன்று உங்களிடம் சொல்ல விட்டுப்போயிற்று. நீங்கள் இருந்த கடைசி நாள் காலையில் அவள் டிவியைப் போடாமலேயே பல் தேய்த்தாள். உங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று, உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு, மேல் பல், கீழ்ப் பல், எல்லாம் சரியாக. நீங்கள் பெட்டிக்குப் பின்னால் குனிந்து மூன்றாவது பிரதி முடிந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களைக் கூப்பிட்டால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து நான் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன். அன்றே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவீர்கள் என்று கண்டேனா?

வாயைப் பொத்தினாள், தள்ளினாள், எல்லாம் உண்மை. ஒன்றரை வருஷம் கண்ணாடிக்குள் இருந்தவர் திடீரென்று வெளியே வந்து நின்றால் அவள் வேறென்ன செய்வாள்? அவளுக்குப் பழக நாள் வேண்டும். நீங்கள் நாளைத்தான் தரவில்லை. வந்துவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை. வீடியோ எடுக்க வேண்டாம், எதையும் சரிபார்க்க வேண்டாம். சும்மா வந்து வீட்டில் இருங்கள்.

எறும்பு அம்மா


ஏப்ரல் 18

எறும்பு அப்பாவுக்கு,

பணம் வருகிறது. கடிதம்தான் வரவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருக்கும், எனக்குப் புரிகிறது.

நேற்று சாயங்காலம் லிஃப்ட் நின்றது. அவள் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வாசல் கதவை அவளே சாத்தினாள். நான் சாத்தச் சொல்லவில்லை. திறந்து வைக்கட்டுமா என்று கைப்பிடியைத் தொட்டேன், என் கையை எடுத்துவிட்டாள். மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டேன், என்னைப் பார்த்துக்கொண்டே அவளும் சாப்பிட்டாள். இன்று காலையில் என் பக்கத்தில் நின்று பல் தேய்த்தாள். டிவி ஓடவில்லை. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

இனி நீங்கள் எங்களுக்காக லீவு கேட்டு யார் முன்னாலும் நிற்க வேண்டாம். நானும் கேட்டு எழுத மாட்டேன்.

பெட்டியை அணைத்துவிட்டேன். மூன்று பிரதிகளும் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. சாப்பிடுகிற வீடியோவில் ஓரமாக அவளும் வருகிறாள், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உங்களையே பார்த்தபடி. எடுக்கும்போது நாம் கவனிக்கவில்லை. உங்களுக்கு வேண்டுமானால் எழுதுங்கள், ஒன்றை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
எறும்பு அம்மா